நான் தொடங்கிய பரம்பரை

எங்களிடம் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. பெயரோடு தகப்பனின், எங்கள் பேச்சில் வாப்பாவின், பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். பிள்ளைகள் நமது பெயரைத் தூக்கிக்கொண்டு திரிவார்கள். பேரப்பிள்ளைகள் இறக்கி வைத்துவிடுவார்கள். இதில் யாருக்கும் ஒரு குறையும் இல்லை. எனக்கு மட்டும் இருந்தது.

கத்தாரில் வேலை செய்த காலத்தில், "முகம்மது" என்று ஒரு சத்தம் கேட்டால், பாஸ்போட்டில் முகம்மது றியாஸான நான் உட்பட, தங்குமிடத்தில் பாதிப் பேர் எழும்பி நிற்போம். மற்ற நாட்டுக்காரர்களுக்கெல்லாம் பரம்பரைப் பெயர் இருந்தது. ஊருக்குப் போய் நானும் ஒரு பரம்பரையைத் தொடங்குவதென்று முடிவெடுத்தேன். (இளவயதில் எதையும் தொடங்கலாம் என்றுதான் தோன்றும்.)

கிழக்கிலங்கையில் எங்கள் ஊர் கிண்ணியாவில் கலியாணம் நடந்தது. எங்கள் பக்கத்து வழக்கப்படி பெண் வீட்டார்தான் தங்கள் நிலத்தில் வீடு கட்டிக் கொடுப்பார்கள். மாப்பிள்ளை பெட்டியோடு போய் ஏறினால் போதும். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற மாமா, பெண்ணின் வாப்பா, பார்த்துப் பார்த்துக் கட்டிய வீடு. குடியேறிய கையோடு நான் திருகோணமலை ரவுனுக்குப் போய், பளபளவென்று ஒரு பெயர்ப்பலகை செய்வித்து வந்து வாசல் கேற்றில் ஸ்க்ரூ போட்டுப் பூட்டினேன். மேலே "றியாஸ் ஹனீபா", கீழே "பர்வீன் ஹனீபா". றியாஸ் நான். ஹனீபா என் வாப்பா. பர்வீன் என் மனைவி. அவளிடம் கேட்கவில்லை, இன்ப அதிர்ச்சியாக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

அதிர்ச்சி இருந்தது. எங்கள் ஊரில் பெண்ணின் பெயரோடு நிற்பது அவளுடைய வாப்பாவின் பெயர்; நிக்காஹ் ஆனாலும் அது மாறாது. ஆகவே தெருவால் போனவர்கள் பலகையை வாசித்து, உள்ளே அண்ணனும் தங்கையும் குடியிருப்பதாக விளங்கிக்கொண்டார்கள். மத்தியான ளுஹர் தொழுகைக்குள் கதை பள்ளிவாசலுக்குப் போய்விட்டது. நிர்வாகத்திலிருந்து ஒருவர் வந்து, நீங்கள் இரண்டு பேரும் சின்ன வயதில் ஒரே தாயிடம் பால் குடித்தீர்களா என்று மிக மரியாதையாக விசாரித்தார். (குடித்திருந்தால் உடன்பிறப்புக் கணக்கு, நிக்காஹ் செல்லாது.) குசினிக்குள் அடுப்படியில் பர்வீன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

பின்னேரம் மாமா மீனோடு வந்தார். எப்போதும் நேரே குசினி வரைக்கும் வருகிறவர், கேற்றடியிலேயே நின்றுவிட்டார். உள்ளே வாங்க என்றேன். வரவில்லை. மீன் பையை மட்டும் என்னிடம் நீட்டினார்.

"மகன், வளவு தந்தன், வீடு தந்தன், புள்ளையையும் தந்தன். அவட வாப்பா எண்ட பேரையாவது எனக்கு விட்டிருக்கலாம்."

வெட்கமாக இருந்தது, அதைவிட, அவர் அப்படியே திரும்பிப் போய்விடுவாரோ என்று பயமாக இருந்தது. ஸ்க்ரூவைக் கழற்றவும் பொறுமையில்லாமல் பலகையைப் பிடித்து இழுத்தேன். கேற்றின் ஒரு கம்பியும் சேர்ந்து வந்தது. மாமா அதையும் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து தேத்தண்ணி கேட்டார்.

அத்தோடு என் பரம்பரை முடிந்தது. ஆனால் இன்றைக்கும் ஏதாவது கலியாண வீட்டுக்கு நான் தனியாகப் போனால், மாமா அத்தனை பேருக்கு நடுவிலும், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் கேட்பார்:

"ஏன் மகன், தங்கச்சி வரல்லயா?"