பின் சீட்டில் யார்?

கல்முனையில் ஓடுகிற கார்களில் எவ்வளவு சத்தம் வரலாம் என்று முடிவுசெய்வது பொலிஸ் அல்ல, பேஸ் காக்காதான். காக்கா என்றால் எங்களுக்கு அண்ணன். அவருடைய சொந்தப் பெயர் ஊரில் ஒருவருக்கும் தெரியாது. மகளின் கல்யாணத்துக்கு அவர் அழைப்பிதழ் அனுப்பியபோது, அதிலிருந்த பெயரைப் பார்த்து, வேறு யாருடையதோ கைமாறி வந்துவிட்டது என்று பாதி ஊர் அதைத் திருப்பிக் கொடுக்கப் போனது.

கார்களுக்குப் பாட்டு செட் பூட்டுவது அவர் தொழில். ஆனால் தனக்குப் பிடித்த அம்ப்ளிஃபயரை, எங்கள் பேச்சில் அம்பை, கைகாட்டி அவரிடம் வாங்கியவர் இன்னும் பிறக்கவில்லை. பெட்டியில் இரண்டாயிரம் வாட்ஸ் என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அதை அவர் பார்க்கவே மாட்டார். அம்பின் ஓரத்தில் செருகியிருக்கும் ஃபியூஸைப் பிடுங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்ப்பார்.

"முப்பது அம்பியர் ஃபியூஸ். பன்ரெண்டு வோல்ட் பெற்றரி. பெருக்கிப் பாருங்க மகன். முன்னூத்தி அறுவது! இதுக்குள்ள ரெண்டாயிரம் எங்கால வாற? பெட்டியில எழுதினது பெட்டிக்கு."

அடுத்ததாக, பக்கத்து மீன்கடைத் தராசில் அம்பை நிறுப்பார். பாரமில்லாத அம்பில் சரக்கில்லை என்பது அவர் கட்சி. இப்போது பாரம் குறைந்த நல்ல அம்புகளும் வருகின்றன என்று யாராவது சொன்னால், "அப்ப அத நீங்களே பூட்டுங்க" என்று ஸ்குரூ டிரைவரை நீட்டிவிடுவார். எங்கள் ஊர்க் கார்களின் டிக்கிகளில் சூரை மீன் வாடை அடிப்பதற்குக் காரணம் இதுதான்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். கடைசிக் கேள்விதான் ஆளைக் கொல்லும்.

"பின் சீட்டுல ஆரு இருக்கிற?"

பேஸ் சத்தம் போடுகிற சப்வூஃபர் இருப்பது டிக்கியில். அதன் அடி விழுவது பின் சீட்டில் இருப்பவர் முதுகில். ஆகவே அம்பைத் தெரிவுசெய்ய வேண்டியது அந்த முதுகு. இதுதான் காக்காவின் சட்டம். புது மாப்பிள்ளை ஒருவர் "மாமி" என்றார். நூறு வாட்ஸுக்கு மேல் கிடைக்கவில்லை. சவளக்கடையில் வயல் வைத்திருக்கிற போடியார் ஒருவர், "ஆருமில்ல, நெல்லு மூட்டதான்" என்றார். "நெல்லுக்கு நெஞ்சு அடிக்காது" என்று கடையிலேயே பெரிய அம்பைப் பூட்டி அனுப்பினார்.

வேலை முடிந்ததும் சட்டைப் பையிலிருந்து சிவப்பு நகப்பூச்சுப் போத்தலை எடுப்பார். அம்பின் சத்தத்துக்கு எல்லை வைக்கிற திருகை யாரும் திருப்பாதபடி அதன்மேல் ஒரு பொட்டு வைப்பார். முதன்முதலில் அந்தப் போத்தலை வாங்கப் போனபோது கடைக்காரர், "பெஞ்சாதிக்கா காக்கா?" என்று கேட்டிருக்கிறார். "இல்ல, அம்புக்கு" என்றாராம்.

நான் கார் வாங்கிய வருடம், என் மச்சானின் வேன் மருதமுனையில் புறப்பட்டால் கல்முனையில் எங்கள் வீட்டு ஜன்னல் நடுங்கும். பெருநாளைக்கு இளவட்டங்கள் கடற்கரையில் டிக்கியைத் திறந்துவைத்துப் பாட்டுப் போடுவார்கள். அன்றைக்கு அவனை மடக்கியே தீருவது என்று காக்காவிடம் போனேன்.

"பின் சீட்டுல ஆரு இருக்கிற?"

"ஒருத்தரும் இல்ல காக்கா."

பச்சைப் பொய். பின் சீட்டில் வருவது என் வாப்பா. நெஞ்சைத் திறந்து ஒபரேஷன் செய்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. இருமல் வந்தால் நெஞ்சோடு அணைத்துக்கொள்ள ஒரு சின்னத் தலையணையோடுதான் எங்கும் வருவார். அவரைக் கிளினிக்குக்கு ஏற்றிப்போகத்தான் காரே வாங்கினேன்.

காக்கா பூட்டி, பொட்டும் வைத்துத் தந்தார். பெருநாளன்று மச்சானின் வேன் இடித்தது. என் கார் முனகியது. "என்ன மச்சான், டிக்கிக்குள்ள ஃபோனையா வெச்சிரிக்கா?" என்று அவன் கேட்க, கடற்கரையே சிரித்தது. அடுத்த நாள் கடை திறக்குமுன் போய் நின்று கத்தினேன்.

காக்கா கோபப்படவில்லை. காரின் பின் கதவைத் திறந்தார்.

"இந்தச் சின்னத் தலகாணி ஆர்ர மகன்?"

வாப்பாவுடையது என்று ஒப்புக்கொண்டேன். வெட்கத்தில் அழுகை வந்துவிட்டது.

"வாப்பாவக் கூட்டிட்டு வாங்க. அவர்ர முதுகக் கேட்டுத்துப் பாப்பம்."

வாப்பா வந்து, தலையணையை அணைத்தபடி பின் சீட்டில் அமர்ந்தார். காக்கா டிக்கிக்குள் தலையை விட்டு, பொட்டைச் சுரண்டி, திருகில் கைவைத்தார். "நொந்தா கையத் தூக்குங்க ஹாஜியார்." பாட்டு ஓடியது. திருகு கொஞ்சம் திரும்பியது. வாப்பா சட்டென்று கையைத் தூக்கினார். காக்கா பதறி நிறுத்தினார்.

"நோகுதா?"

"இல்ல தம்பி. இன்னும் கொஞ்சம் கூட்டுங்க. ஒபரேசனுக்குப் பொறகு ஒருத்தரும் எனக்குப் பக்கத்தில சத்தமாக் கதைக்கிறல்ல. வீடு அழுது முடிச்ச மௌத்து வீடு மாதிரிக் கிடக்கு."

யாருக்கும் மசியாத காக்கா ஒரு முடியளவு கூட்டினார். வாப்பா சிரித்தார். இன்னொரு முடியளவு. அதற்குமேல் காக்காவுக்கே பயம் வந்து, அவசரமாகப் பொட்டை வைத்துவிட்டார்.

மச்சானை நான் இன்றுவரை வெல்லவில்லை. அந்தக் காரையும் விற்றுவிட்டேன். அம்பை மட்டும் கொடுக்க மனம் வரவில்லை. தலையணையில் இப்போது பூனை படுக்கிறது. வாப்பா பின் சீட்டில் விரலால் தாளம் போட்டபடி வருகிறார். புதுக் காரில் அதே அம்பைப் பூட்டக் கொண்டுபோனபோது, காக்கா ஒன்றும் தெரியாதவர் போலக் கேட்டார்:

"பின் சீட்டுல ஆரு இருக்கிற?"

"வாப்பா" என்றேன். அவர் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்பதற்காகவே நான் வேறு கடைக்குப் போவதில்லை.