அரங்கேற்றத்தில் ஒரு கெய்ஷா

எங்கள் ஆட்களிடம் மைக் அகப்பட்டால் விடமாட்டார்கள் என்று நான் நிறையப் பேரை நக்கலடித்திருக்கிறேன். என் கையில் மைக் அகப்பட்டது வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான், ஸ்காபரோவில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில். அதை நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிறது.

தொண்ணூறுகளின் கடைசி. நான் கலியாணம் முடித்துக் கனடா வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. கணவரின் தங்கை துஷிக்குப் பரதநாட்டிய அரங்கேற்றம். சின்ன வயதிலிருந்து பழகிய பிள்ளை. மாமாவும் மாமியும் பார்த்துப் பார்த்து ஒழுங்கு செய்த விழா. நானோ பஸ்ஸில் இங்கிலீஷ் நாவல் வாசிக்கிற மருமகள் (வாசிப்பதைவிட அட்டை வெளியே தெரியும்படி பிடிப்பதில்தான் எனக்குக் கவனம்). அதனால் வாழ்த்துரை என் தலையில் விழுந்தது. "நீர் படிச்ச பிள்ளை, வடிவாச் சொல்லுவீர்" என்றார் மாமி. என்னை நம்பி அவர் தந்த முதல் வேலை அது. எப்படியாவது பேர் எடுத்துவிட வேண்டும் என்று துடித்தேன்.

அப்போது கையிலிருந்தது பழைய ஜப்பானைப் பற்றிய ஒரு சரித்திர நாவல். ஒரு சிறுமி கெய்ஷாவாக, அதாவது விருந்துகளில் ஆடிப் பாடி ஆண்களை மகிழ்விக்கிற பெண்ணாக, பயிற்சி பெறுகிறாள். குளிரில் விறைத்த விரலால் வாத்தியம் பழகுகிறாள், கொண்டை குலையாமல் தூங்கப் பழகுகிறாள், விசிறியைச் சரியாகத் திருப்பும்வரை ஏச்சு வாங்குகிறாள். வாசிக்க வாசிக்க எங்கள் துஷிதான் கண்ணுக்குள் வந்தாள். உரைக்கு வேறென்ன வேண்டும்?

வர்ணம் முடிந்து துஷி உடை மாற்றப் போன இடைவெளியில் என்னைக் கூப்பிட்டார்கள். திருக்குறளில் தொடங்காமல் ஜப்பானில் தொடங்கிய முதல் வாழ்த்துரை அதுவாகத்தான் இருக்கும். பயிற்சி, பொறுமை, குருபக்தி எல்லாவற்றையும் விளக்கிவிட்டுக் குரலை உயர்த்தினேன்.

"ஆகவே, எங்கள் வீட்டிலும் ஒரு கெய்ஷா உருவாகியிருக்கிறாள் என்பதில் எங்களுக்குப் பெருமை."

கைதட்டல் வரவில்லை. சனம் உருகிப்போயிருக்கிறது என்று நினைத்து (அவ்வளவு புத்தி), இங்கே பிறந்த பிள்ளைகளுக்கும் விளங்கட்டுமென்று அதையே இங்கிலீஷிலும் சொன்னேன். பின்வரிசைப் பொடியன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நடன ஆசிரியை எழும்பி உள்ளே போய்விட்டார். முன்வரிசையில் மாமா தன் கோட்டுப் பொத்தானைப் பூட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தார். கெய்ஷா என்றதும் எங்கள் அங்கிள்மாரின் மனதில் எப்படிப்பட்ட பெண்ணின் படம் ஓடும் என்று நான் கொஞ்சமும் யோசித்திருக்கவில்லை.

திரைக்குப் பின்னால் துஷிக்கும் ஸ்பீக்கர் கேட்டிருக்கிறது. அடுத்த உருப்படிக்கு வந்தபோது கண்மை கன்னம்வரை இறங்கியிருந்தது. அப்படியும் ஒரு அடி பிசகாமல் ஆடினாள். அவளுடைய நாளை நான் பாழாக்கிவிட்டேன். கதிரைக்குக் கீழே போய்ப் படுத்துவிடலாம் போலிருந்தது. அந்தக் கண்மையை நினைத்தால் எனக்கு இன்றுவரை சிரிப்பு வருவதில்லை.

வீட்டுக்குக் காரில் திரும்பினோம். நான்தான் சும்மா கிடக்காமல், கெய்ஷா என்றால் கலைஞர், நாவலில் எல்லாம் விளக்கமாக இருக்கிறது என்று தொடங்கினேன். துஷி கையை நீட்டினாள்.

"அந்தப் புத்தகத்தைத் தாங்கோ மச்சாள்."

ஒரு கிழமை என்னோடு பேசவில்லை. அறைக்கதவைச் சாத்திக்கொண்டு வாசித்தாள். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்க, புத்தகத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"நீங்கள் சொன்ன பயிற்சியெல்லாம் சரி மச்சாள். பாதிக்குப் பிறகு அந்தப் பிள்ளைக்குக் காசுக்கார ஆம்பிளையள் விலை பேசுறாங்கள். அது வாசிச்சனீங்களோ?"

நான் சோற்றைப் பிசைந்தேன். அடையாளத்துக்கு நான் செருகிய பஸ் டிக்கெட்டுத் துண்டு இன்னும் நடுப்பக்கத்திலேயே இருந்தது.

மாமி அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "முழுக்க வாசிக்காமலே மேடையில ஏறினனீர்?" என்று கேட்டுவிட்டு, பாவம், அடக்கமுடியாமல் சிரித்தும்விட்டார். பிறகுதான் துஷியும் சிரித்தாள். எனக்கு அழுகைதான் வந்தது.

அன்றிலிருந்து இந்த வீட்டில் நான் எதைப் பரிந்துரைத்தாலும், கறித்தூளோ காப்புறுதியோ, "முழுக்க வாசிச்சனீங்களோ?" என்று யாராவது ஒருவர் கேட்பார். போன வருடம் துஷியின் மகளுக்கு அரங்கேற்றம் நடந்தது. பெரிய மச்சாள் என்று மரியாதையாக எனக்கும் ஒரு பொறுப்புத் தந்தாள். மண்டபத்துக்கு வெளியே, கார் நிறுத்துமிடத்தில்.