முன்னொட்டை முன்னால் மாட்டிய கதை

"சரக்கு ரயிலில் முதலில் கழற்ற வேண்டிய பெட்டி கடைசியில், கார்டு வண்டியை ஒட்டி நிற்க வேண்டும். ஸ்டேஷன் மாஸ்டரின் எழுத்துமூல அனுமதியின்றி அந்த வரிசையை எவரும் மாற்றக்கூடாது." இந்த விதியை இன்றும் மனப்பாடமாகச் சொல்வேன். (மனப்பாடம் செய்தது மாற்றிய பிறகு.)

1930களின் தொடக்கத்தில் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே அலுவலகத்தில் நான் தற்காலிகக் கிராணி. மலாயாவில் குமாஸ்தாவுக்கு அதுதான் பெயர். நிரந்தரமாக வேண்டுமானால் தலைமைக் கிராணி கனகசபையின் சிபாரிசு வேண்டும். யாழ்ப்பாணத்துக்காரரான அவர் ஒரு வழி சொன்னார். "ஐசே, யார்டு ஆக்களுக்கு இங்கிலீசு படிப்பியும். அவங்கள் ரயில் கார்டு பரீட்சை பாஸ் பண்ணினால் உம்மட விசயத்தைப் பாப்பம்."

வேர்ச்சொல், முன்னொட்டு, பின்னொட்டு என்று ஆரம்பித்தேன். என் மேதைமையில் எனக்கே கண் கூசியது. பெட்டிகளை மாட்டிக் கழற்றும் ஷன்டிங் ஆளான முனியாண்டிக்கு மட்டும் கொட்டாவி வந்தது.

"கிராணியாரே, ஒரே சொல்லுக்குத் தலையும் வாலும் மாட்டிக்கிட்டே போனா எப்பத்தான் படிச்சு முடிக்கிறது?"

"பெட்டி மாட்டத் தெரியுமில்ல? அதேதான்!" என்று ஆட்களை யார்டுக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

கிள்ளான் பக்கம் போகும் சரக்கு ரயில் தயாராக நின்றது. எஞ்சினை அடுத்து ஒரு பெட்டி, பிறகு இன்னொன்று, கடைசியில் கார்டு வண்டி. முதல் பெட்டியில் சாக்குக்கட்டியால் 'கைண்ட்' என்று எழுதினேன். இரக்கமுள்ள என்று பொருள், இதுதான் வேர். கார்டு வண்டியில் 'நெஸ்'. அது எப்போதும் பின்னால்தான் வரும், ஆகவே பின்னொட்டு. மிச்சமிருந்த நடுப்பெட்டியில் 'அன்' என்று எழுதிவிட்டு, "இது முன்னொட்டு. இங்க நின்னா அர்த்தமே இல்ல. முன்னால கொண்டு போங்க!" என்றேன்.

முனியாண்டி தலையைச் சொறிந்தார். "வரிசைய மாத்துனா ஸ்டேஷன் மாஸ்டர் ஏசுவாரு லா."

"பரீட்சையில கேப்பாங்க. மாத்துங்கண்ணே."

எஞ்சின் டிரைவருக்கு ஒரு சுருட்டு கொடுத்ததும் பெட்டிகள் இடம் மாறின. 'அன்கைண்ட்நெஸ்' என்று எல்லோரும் கோரஸாகப் படித்தார்கள். இரக்கமின்மை. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அதே புல்லரிப்பில் நான் நின்றுகொண்டிருக்க, விசில் ஊதி ரயில் புறப்பட்டுவிட்டது.

வழியில் பத்து தீகா ஸ்டேஷனில், ரயிலோடு போன கார்டு பெட்டியின் லேபிளைப் பார்க்கவில்லை. எதற்குப் பார்க்க வேண்டும்? தன் வண்டியை ஒட்டிய பெட்டிதான் முதலில் இறங்கும் என்பது அவர் வேலையில் வேதம். கழற்றிவிட்டுப் போய்விட்டார். அதில் இருந்தவை மறுநாள் கிள்ளானில் நடக்கவிருந்த கனகசபை மகளின் கல்யாணத்துக்கான காய்கறியும் வாழையிலையும். பத்து தீகாத் தோட்டத்துக்குப் போக வேண்டிய உரப்பெட்டி கிள்ளானுக்குப் போய்ச் சேர்ந்தது. உரம் என்றால் எலும்புத் தூள்.

சுத்த சைவக் கல்யாணம். பெட்டிக் கதவைத் திறந்த சமையல்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஐயா, சம்பந்தி வீட்டுக்கு இதைத்தான் ஆக்கிப் போடச் சொல்லிட்டாங்களா?" என்று கேட்டாராம்.

காய்கறியைக் கிள்ளான் பாசாரில் வாங்கிச் சமாளித்தார்கள். அவ்வளவு இலைக்கு எங்கே போவது? சீனர் காப்பிக் கடையில் பீங்கான் தட்டுகளை இரவல் வாங்கினார்கள். ஒவ்வொரு தட்டிலும் கொழுகொழுவென்று ஒரு சேவல் படம். மாப்பிள்ளையின் பெரியப்பா சோற்றைத் தள்ளத் தள்ள, அடியிலிருந்து சேவல் அவரைப் பார்த்ததாம்.

உரப்பெட்டியில் என் சாக்குக்கட்டி எழுத்தைப் பார்த்துவிட்டுக் கனகசபை அலுவலகத்துக்குத் திரும்பி வந்தார். "விசரோ ஐசே உமக்கு? சம்பந்தியாக்களுக்கு முன்னால எனக்கு முகமில்லை!"

"ஐயா, பாடம் நல்லா..."

"வாயைப் பொத்தும்!"

பாடம் உண்மையிலேயே நன்றாகத்தான் பதிந்திருந்தது. ஷன்டிங் ஆட்கள் பரீட்சையில் தேறினார்கள். முனியாண்டி கார்டானார், நிரந்தரமாக. என் வீட்டில் இன்றுகூட ஏதாவது விசேஷம் என்றால், சாமான் ஏற்றும் லோரி புறப்படும்வரை என்னை உள்ளே உட்கார வைத்துக் காப்பி கொடுத்துக்கொண்டே இருப்பார்கள்.

நிரந்தரம் கேட்டு நான் எழுதிய மனுக்கள், முறைப்படி, கனகசபையின் மேசை வழியாகத்தான் மேலே போக வேண்டும். வருஷா வருஷம் எழுதினேன். மேசை கனமாகிக்கொண்டே போனது. நிரந்தரமாக்கிய உத்தரவு வந்தது, அவர் ஓய்வு பெற்ற மறுநாள் காலை.