தலைக்கு மேலே நின்ற தூக்குவாளி

இயற்பியலில் எம்.எஸ்சி. முடித்து, அதன் மேல் பி.எட்.டும் முடித்து, இரண்டு சான்றிதழ்களுக்கும் லேமினேஷன் போட்டு பீரோவில் வைத்த பிறகும் எனக்கு மையநோக்கு விசை என்றால் என்னவென்று தெரியாது. இதை இப்போது தைரியமாக வெளியில் சொல்லலாம். வேலை நிரந்தரமாகிவிட்டது.

தெரியாது என்றால், எழுதத் தெரியும். வட்டப் பாதையில் இயங்கும் பொருளின் மீது மையத்தை நோக்கிச் செயல்படும் விசை மையநோக்கு விசை எனப்படும். அழகான படத்துடன் ஐந்து மதிப்பெண். ஆனால் மனதுக்குள் நான் நம்பியது நேர் எதிர். சுற்றுகிற பொருளை ஏதோ ஒன்று வெளியே பிடித்துத் தள்ளுகிறது என்றுதான் நினைத்திருந்தேன். (அதற்கு மையவிலக்கு விசை என்று பேரும் கைவசம் இருந்தது. பேர் தெரிந்துவிட்டால் விஷயமே தெரிந்துவிட்ட மாதிரி ஒரு நிம்மதி வரும் பாருங்கள், அந்த நிம்மதியில்தான் ஐந்து வருடம் ஓட்டினேன்.)

அந்த நிம்மதி ஒரு வெள்ளிக்கிழமை காலை பதினொன்றேகால் மணிக்கு முடிவுக்கு வந்தது.

எனக்கு அப்போது இருபத்து நாலு வயது. ஊர் காமயகவுண்டன்பட்டி. அப்பாவுக்குத் திராட்சைத் தோட்டம். தேவதானப்பட்டியிலிருந்து எனக்கு ஒரு வரன் வந்திருந்தது. நல்ல குடும்பம், நல்ல பையன், ஒரே ஒரு நிபந்தனை: பெண் வேலைக்குப் போகக் கூடாது. எனக்கோ வேலைக்குப் போக வேண்டும். ஆனால் போவதற்கு ஒரு வேலை இல்லை. அம்மா என் பக்கம்தான், இருந்தாலும் கெடு வைத்துவிட்டாள்.

"ஞாயித்துக்கெழம பதில் சொல்லணும்டி. அதுக்குள்ள ஒனக்கு வேலை கெடைச்சா, எம்பொண்ணு வேலைக்குப் போறான்னு சொல்லி நானே வேணாம்னுர்றேன். கெடைக்கலைன்னா, வீட்ல சும்மா இருக்குற பொண்ணக் குடுக்க என்னத்துக்கு யோசிக்கிறீகன்னு கேப்பாக. நான் என்னத்தச் சொல்ல?"

அந்த வெள்ளிக்கிழமைதான் பழனிசெட்டிபட்டியில் ஒரு தனியார் பள்ளியில் எனக்கு டெமோ கிளாஸ். ஒன்பதாம் வகுப்பு, வட்ட இயக்கம். பாடத்தை அவர்களே கொடுத்துவிட்டார்கள். கேட்டதும், வேறு பாடம் கொடுங்களேன் என்று கெஞ்சலாமா என்று பார்த்தேன். ஆனால் அடுத்த நிமிடமே ஓர் அபார யோசனை வந்தது (என் வாழ்க்கையின் பெரிய சேதாரங்கள் எல்லாம் அபார யோசனையில்தான் ஆரம்பித்திருக்கின்றன). தண்ணீர் நிரப்பிய வாளியைத் தலைக்கு மேலே சுற்றிக் காட்டிவிட்டால் போதும். தண்ணீர் விழாது. பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள். பிளந்த வாயோடு யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

தோட்டத்துக்குக் கஞ்சி கொண்டுபோகும் எங்கள் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு வியாழக்கிழமை முழுவதும் மொட்டை மாடியில் பழகினேன். முன்னும் பின்னுமாக இரண்டு ஆட்டு ஆட்டி, பின்பக்கமாக மேலே ஏற்றி, தலையைத் தாண்டி முன்பக்கம் இறக்க வேண்டும். இருபது தடவை சுற்றினேன், ஒரு சொட்டு விழவில்லை. அப்பா படியேறி வந்து பார்த்தார்.

"ஏத்தா, தலகீழாப் போயும் தண்ணி விழுகலையே, எப்படி?"

"மையவிலக்கு விசைப்பா. அது தண்ணியப் பிடிச்சு வாளியோட அடியில தள்ளிக்கிட்டே இருக்கும்."

அப்பா தலையாட்டினார். பிறகு, "அது எங்கன இருந்து வருது?" என்று கேட்டார். வேலை இருக்கிறது, கீழே போங்கள் என்று அனுப்பிவிட்டேன்.

மறுநாள் கிளம்பும்போது வாளியைக் கழுவித் துடைத்து, மூடி போட்டு, அம்மாதான் கையில் கொடுத்தாள். கூடவே அறிவுரையும் வந்தது. "பெரியவுக ஏதாச்சும் கேட்டாகன்னா, கைவேலைய நிப்பாட்டிட்டு, நேரா நின்னு பதில் சொல்லு. கைய ஆட்டிக்கிட்டே பேசாத. மட்டு மரியாதை தெரியாத பிள்ளைன்னுருவாக." இது புதிதில்லை. கைவேலையை நிறுத்தாமல் பெரியவர்களுக்குப் பதில் சொன்னதற்காகச் சின்ன வயதில் நான் வாங்கிய குட்டுகள் கொஞ்சமில்லை.

கம்பத்தில் ஏறிய தேனி பஸ்ஸில் உட்கார இடம் இல்லை. ஒரு கையில் வாளி, ஒரு கையில் ஃபைல், எதையும் பிடிக்கக் கை இல்லை. உத்தமபாளையத்தில் பஸ் ஒரு திருப்பம் திரும்பியதில் நான் போய்க் கண்டக்டர் மேலேயே சாய்ந்தேன்.

"கம்பியப் பிடிங்கம்மா! பஸ்ஸு திரும்பும், நீங்க நேராப் போவீக. அப்புறம் டிரைவரக் குத்தஞ் சொல்வீக," என்று எரிந்து விழுந்தார். மன்னிப்புக் கேட்டுவிட்டு, மையவிலக்கு விசை என்னைத் தள்ளிவிட்டது என்று மனதுக்குள் அவரைத் திருத்தினேன். எம்.எஸ்சி. அல்லவா!

பழனிசெட்டிபட்டியில் இறங்கிப் பள்ளிக்குப் போனேன். வகுப்புக்குள் நுழைந்தேன். நாற்பது பிள்ளைகள் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள். முன் பெஞ்சுக்கும் முன்னால் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒன்றில் ஹெச்.எம். மேடம். இன்னொன்றில் பள்ளியின் கரஸ்பாண்டென்ட். அறுபது வயதிருக்கும், வாழைக்காய் மொத்த வியாபாரி. கஞ்சி போட்டுத் தேய்த்த வெள்ளை வேட்டி, அதைவிட வெள்ளையாகச் சட்டை. வெள்ளையைத் தவிர அவர் வேறு நிறம் உடுத்தியதே இல்லை என்று ஆபீஸில் காத்திருந்தபோதே கேள்விப்பட்டிருந்தேன். அந்தச் சட்டையைப் பார்த்ததும் எனக்கு ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது. இந்த மனிதர் தலையாட்டினால் நான் டீச்சர். ஆட்டாவிட்டால் தேவதானப்பட்டி.

வரையறையைப் பலகையில் எழுதினேன். சாக்பீஸ் இரண்டு தடவை உடைந்தது. மூன்றாவது பெஞ்சுப் பெண்ணைக் கூப்பிட்டு, வாளி மூடியைத் திறந்து, வகுப்புக் குடத்திலிருந்து தண்ணீர் ஊற்றச் சொன்னேன். அவள் ஊற்றிவிட்டு வாளிக்குள் ஒரு பார்வை பார்த்து, என்னையும் ஒரு பார்வை பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "பேசக் கூடாது, போய் உக்காரு," என்றேன். (வாளிக்குள் நானும் ஒரு தடவை எட்டிப் பார்த்திருக்கலாம். என் கண் கரஸ்பாண்டென்டின் முகத்தை விட்டு நகரவில்லை.)

இரண்டு ஆட்டு. மூன்றாவதில் வாளி பின்பக்கமாக மேலே ஏறியது, தலையைத் தாண்டியது, முன்னால் இறங்கியது. விழவில்லை! பிள்ளைகள் 'ஓ' என்றார்கள். இரண்டாவது சுற்று. அதிலும் ஒரு சொட்டு இல்லை. மூன்றாவது சுற்றில் ஹெச்.எம். மேடம் லேசாகச் சிரிக்கிற மாதிரிகூட இருந்தது. வேலை கிடைத்துவிட்டது என்றே முடிவு செய்துவிட்டேன். நான்காவது சுற்று மேலே ஏறிக்கொண்டிருந்தபோது கரஸ்பாண்டென்ட் முன்னால் குனிந்து, நிஜமான ஆசையோடு கேட்டார்.

"ஏம்மா, மேல போறப்ப தண்ணி ஏன் விழுக மாட்டேங்குது?"

பெரியவர் கேட்டுவிட்டார். இருபத்து நாலு வருட வளர்ப்பு, வாங்கிய அத்தனை குட்டு, அம்மாவின் காலை நேர அறிவுரை, எல்லாம் சேர்ந்து என் கையைப் பிடித்தன. நான் கைவேலையை நிறுத்தினேன். நேராக நின்றேன். "சார்," என்று மரியாதையாக ஆரம்பித்தேன்.

வாளி அப்போது என் தலைக்கு நேர் மேலே இருந்தது.

பாதித் தண்ணீர் என் தலையில் விழுந்தது. மீதிப் பாதி, வந்த வேகத்தில், வந்த திசையிலேயே நேராக முன்னால் போனது. அந்த நேரில்தான் அவர் குனிந்து உட்கார்ந்திருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். தண்ணீர் பட்டால் சட்டை நனையும், அவ்வளவுதானே? இந்தச் சட்டை நனைந்ததோடு நிற்காமல் சிவந்துகொண்டிருந்தது. கழுத்திலிருந்து வயிறு வரை ரத்தச் சிவப்பு. வாளி அவர் தலையில் இடித்துவிட்டது என்றே நினைத்தேன். வேலை, வரன் எல்லாம் மறந்துபோய், பள்ளிக்கூடத்துக்குப் போலீஸ் வருவது வரைக்கும் யோசித்துவிட்டேன்.

அப்போதுதான் என் மூக்கு நுனியிலிருந்தும் சிவப்பாகச் சொட்டியது. வாசனை பிடிபட்டது. குங்குமம்.

விஷயம் இதுதான். நல்ல காரியத்துக்கு வெறும் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். சொன்னால் எம்.எஸ்சி. சண்டைக்கு வரும் என்று, அம்மன் கோயில் குங்குமத்தைப் பேப்பரில் பொட்டலமாக மடித்து, சத்தமில்லாமல் வாளியின் அடியில் வைத்து அம்மா மூடிவிட்டாள். ஊற்றிய தண்ணீரில் பொட்டலம் பிரிந்து, நான்கு சுற்றில் நன்றாகக் கலங்கிவிட்டது. சுருக்கமாகச் சொன்னால், நாற்பது பிள்ளைகள் முன்னிலையில் நான் கரஸ்பாண்டென்டுக்கு ஆரத்தி சுற்றி, அதை அவர் மேலேயே கொட்டியிருந்தேன்.

ஹெச்.எம். மேடம் நாற்காலியை விட்டு எழுந்து பாதியில் அப்படியே நின்றார். கரஸ்பாண்டென்ட் கைக்குட்டையை எடுத்து முகத்தை மட்டும் நிதானமாகத் துடைத்தார். பிறகு கேட்டார்.

"சரி. இப்ப ஏன் விழுந்துச்சு?"

மனப்பாடம் செய்த ஒரு வரிகூட ஞாபகம் இல்லை. ஞாபகத்துக்கு வந்தது அந்தக் கண்டக்டர் மட்டும்தான். பஸ் திரும்பும், நீங்கள் நேராகப் போவீர்கள்.

"சார்... தண்ணி எப்பவுமே நேராப் போகத்தான் சார் பாக்குது," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. "வெளிய யாரும் அதைத் தள்ளல. வாளிதான் அதை விடாம மையத்தைப் பாத்துத் தள்ளித் தள்ளித் திருப்பிக்கிட்டே இருந்துச்சு. வேகமா சுத்துற வரைக்கும் வாளி தண்ணியத் திருப்பும். நான் வாளிய நிப்பாட்டிட்டேன். தண்ணி நிக்கல. அது நேராப் போச்சு."

"நேரான்னா?"

"நேர்ல... நீங்க இருந்தீங்க சார்."

மூன்றாவது பெஞ்சுப் பெண் எழுந்து, "டீச்சர், தொடுகோடு!" என்று கத்தினாள். நாற்பது பிள்ளைகளும் கூரை போகச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவில், குங்குமம் வழிய நின்றபடி, எனக்கு முதல் தடவையாக மையநோக்கு விசை புரிந்தது. இதைவிடச் சௌகரியமான நேரத்தில் புரிந்திருக்கலாம்.

அதன் பிறகு ஆபீஸ் பெஞ்சில் ஒரு மணி நேரம் காத்திருந்தேன். தலைமுடி காய்ந்து சிக்குப் பிடித்தது. ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டாருக்கு என்ன பலகாரம் செய்வார்கள் என்பது வரைக்கும் மனது போய்விட்டது. உள்ளே கூப்பிட்டார்கள். கரஸ்பாண்டென்ட் தோளில் ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எங்க பக்கம் ஆரத்தி எடுத்து ஆள உள்ள கூப்பிடுவாக. எடுத்தவுகளையே வெளிய அனுப்புனா நல்லாருக்காதும்மா. திங்கக்கெழம வந்துரு." நான் அழுதுவிட்டேன். அவர் பதறிப்போய், "இந்த வருசம் கணக்கு மட்டும் எடு. தண்ணி வேணாம்," என்றார்.

முதல் வருடம் முழுக்கக் கணக்குதான் எடுத்தேன். தேவதானப்பட்டிக்கு அம்மா நிம்மதியாக மறுப்புச் சொல்லி அனுப்பினாள். "எல்லாம் என் குங்குமந்தேன்டி வாங்கிக் குடுத்துச்சு," என்று இன்றுவரை சொல்கிறாள். இல்லையென்று வாதாட என்னிடம் ஆதாரம் இல்லை. எங்கள் குடும்பத்து விசேஷங்களில் ஆரத்தித் தட்டுப் பக்கம் நான் போனாலே, "டீச்சர் வர்றாக, தள்ளி நில்லுங்க," என்று சித்தி கூட்டத்தை ஒதுக்குவாள். யாராவது ஒருவர் கட்டாயம், "நேர்ல நிக்காதீக!" என்று எடுத்துக் கொடுப்பார்.

மூன்று வருடம் கழித்து, வேலையை விடச் சொல்லாத ஒருவரோடு எனக்குக் கல்யாணம் நடந்தது. தாலி கட்டி முடிந்ததும் நாத்தனார் ஆரத்தித் தட்டோடு மேடைக்கு வந்தார். நான் கூட்டத்தைப் பார்த்தேன். மூன்றாவது வரிசையில் கரஸ்பாண்டென்ட் உட்கார்ந்திருந்தார். வேட்டி வழக்கம்போல வெள்ளை. சட்டை மட்டும் நல்ல அரக்குச் சிவப்பு.

அவர் மேடைக்கு வந்து வாழ்த்தியபோது கேட்டே விட்டேன். "சார், கலர் சட்டையெல்லாம் போட்டிருக்கீங்க?"

"எதுக்கும் இருக்கட்டும்னுதேன்மா," என்றார்.