இரண்டைத் தவிர

கணக்கில் நான் புலி என்று சொல்லித் திரிந்தவன். முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். யாழ்ப்பாணத்து ரியூசன் கொட்டிலில் 'முதல் வெட்டு, பேந்து யோசி' என்று பழகிய கை இது. பின்னமொன்றின் மேலும் கீழும் ஒரே உறுப்பைக் கண்டால் தானாக வெட்டும். (மொன்றியலுக்கு வந்தபின் டவுன்டவுன் உணவகமொன்றில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தது.)

அப்போதுதான் எங்கட சனம் நிறைந்த பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் ரியூசன் வகுப்பு நடத்தும் சிவம் அண்ணை கணக்கு வாத்தியார் தேடினார். ஒரு மணித்தியாலம் படிப்பித்துக் காட்டவேண்டும், பெற்றோர் வகுப்பின் கடைசி வாங்குகளில் உட்கார்ந்து பார்ப்பார்கள். அவர்களுக்குப் பிடித்தால் நான் சமையலறைக்கு முழுக்குப் போடலாம். அந்த வேலைக்காக நேர்த்தி வைக்காத குறைதான். மனைவி வசந்தியும் லீவு போட்டுவிட்டு வந்து பின்னால் இருந்தாள்.

பாடம், ஒரு சார்பின் ஆட்சியைக் காண்பது. அதாவது, அதற்குள் எந்தெந்த எண்களைப் போடலாம் என்று கண்டுபிடிப்பது. பலகையில் (x² − 4)/(x − 2) என்று எழுதினேன். மேலே உள்ளதை (x − 2)(x + 2) என்று பிரித்து, மேலும் கீழுமிருந்த (x − 2) இரண்டையும் ஒரே இழுவையில் வெட்டினேன். மிஞ்சியது x + 2.

"இதுக்குள்ள எந்த எண்ணையும் போடலாம். அலுவல் முடிஞ்சுது," என்று கைத்தூசியைத் தட்டினேன். பெற்றோர் தலையாட்டினார்கள். (மனதுக்குள் உணவக முதலாளிக்கு இராஜினாமாக் கடிதம் எழுதத் தொடங்கிவிட்டேன்.)

முன்வாங்கில் இருந்த பிள்ளை கை உயர்த்தினாள். "சேர், ரெண்டையும் போடலாமோ?"

"ஏன் பிள்ளை, ரெண்டு என்ன பாவம் செய்தது?"

"வெட்டுறதுக்கு முதல் போட்டுப் பாருங்கோவன்."

போட்டேன். மேலே பூச்சியம், கீழேயும் பூச்சியம். பூச்சியத்தால் வகுக்கவே ஏலாது. சமாளிக்கலாமென்று வரைபைக் கீறினேன். இரு பக்கமும் முடிவில்லாமல் போகும் நேர்கோடு. அதில் x இரண்டாகும் இடத்தில் மட்டும் ஒரு ஓட்டை. ஊசிமுனைகூட நுழையாது. இரண்டுக்கு எவ்வளவு கிட்டப் போனாலும் அங்கே எண்கள் நிற்கின்றன, இரண்டு மட்டும் இல்லை. நான் வெட்டி எறிந்தது சும்மா போய்விடவில்லை, தான் இருந்த இடத்தில் ஓட்டையை விட்டுவிட்டுப் போயிருக்கிறது. இத்தனை வருடமாக இந்தக் கோட்டை ஓட்டையில்லாமல் கீறியிருக்கிறேனே! எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. வகுப்பை மறந்தேன், வேலையை மறந்தேன். "என்ன வடிவு, என்ன வடிவு," என்று அந்த ஓட்டையின் அழகில் மயங்கிப் பலகையோடு கதைத்துக்கொண்டு நின்றேனாம்.

"தம்பி, நேரம் முடிஞ்சுது," என்றார் சிவம் அண்ணை.

வேலை கிடைக்கவில்லை. மெட்ரோவுக்கு நடக்கும்போது வசந்தி கேட்டாள், "எல்லாம் தெரியுமெண்டீங்கள்?"

"ஓம், தெரியும்."

"ரெண்டைத் தவிர."

அன்று தொடங்கியது இன்னும் ஓயவில்லை. விருந்தினர் யாராவது எங்கள் குடும்ப வாழ்க்கையைப் பற்றி விசாரித்தால், "எல்லா நாளும் சந்தோசம்தான், ரெண்டைத் தவிர," என்பாள். அதில் ஒன்று அந்த வகுப்பு நாள் என்றே நினைத்திருந்தேன். போன கிழமை, வீட்டில் வெங்காயம் வெட்டிக்கொண்டே கேட்டும் விட்டேன்.

"சீ, அண்டைக்குத்தான் நீங்கள் நல்ல வடிவா இருந்தனீங்கள்," என்றாள்.

அப்படியென்றால் அந்த இரண்டும் எவை என்று கேட்க எனக்கு இன்னும் துணிவு வரவில்லை.