அடர்சிவப்பில் டானரி தெரு

ஏழைக்கு இரங்கிய அரசர்கள் இருந்திருக்கலாம், முனிவர்களும் இருந்திருக்கலாம். ஆனால் ஏழை எந்தத் தெருவில் எவ்வளவு பலவீனமாக இருக்கிறான் என்று வண்ணம் தீட்டி வைத்த பெருமை, வட இங்கிலாந்தில் ஸ்கெல்டர்பி நகர மன்றத்துக்கே உரியது. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மன்றம் தன் 'சூதாட்ட உரிமக் கொள்கை'யைப் புதுப்பிக்கும். நூற்றுப் பன்னிரண்டு பக்கம். 'நலிந்தோரைக் காப்போம்' என்று அதில் பதினேழு இடத்தில் வருகிறது. ஒருமுறை காத்தால் போதாதா என்று கேட்பவர்களுக்கு நிர்வாகம் தெரியாது.

இம்முறை கொள்கையோடு ஒரு வரைபடமும் சேர்ந்தது. வரைந்தவள் உரிமப் பிரிவின் இளநிலை அலுவலர் பெத்தனி ஹெப்பிள். அவள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள். வேலையில்லாதவர், கடனில் மூழ்கியவர், இலவச உணவுக்கு வரிசையில் நிற்பவர், சூதை விட்டு மீளப் போராடுபவர் என்று எல்லாரையும் எண்ணித் தெருவாரியாகச் சிவப்பு தீட்டினாள். மிக அடர்ந்த சிவப்பு டானரி தெருவுக்கு. அங்கேதான் அவள் அப்பா டெரெக் இருந்தார். இரண்டு வேலையையும் ஒரு மனைவியையும் சூதாட்ட மெஷினில் தோற்றவர். மூன்று வருடமாக ஒரு காசு போடாதவர். அந்த மெஷின்கள் வைத்த பந்தயக் கடை இல்லாத தெரு என்பதற்காகவே அங்கே குடிபோனவர். அவர் கைபேசியில் சூதாட்டம் திறக்காதபடி மகளே பூட்டு போட்டிருந்தாள். இவ்வளவு சிவப்பைப் பார்த்த பிறகு எந்தக் கடைக்காரனும் அந்தப் பக்கம் வரமாட்டான் என்று நம்பினாள். படித்தவளல்லவா!

வரைபடம் வெளியான ஒன்பதாம் நாள், 'மெர்ரி ஹெரான்' பந்தய நிறுவனத்தின் வழக்கறிஞர் மிஸ் ஃபென்விக் தொலைபேசியில் அழைத்தார்.

"இதை நீங்கதான் வரைஞ்சீங்களா? அருமைங்க! எங்க ஆளுங்க ஆறு மாசம் தெருத்தெருவா அலைஞ்சாலும் இப்படி வராது. அந்த அடர்சிவப்பு கடைசி வீடு வரைக்கும் சரிதானே?"

"எதுக்குக் கேக்கறீங்க?"

"விண்ணப்பம் போட்டுட்டோம். டானரி தெரு, நாலாம் நம்பர்."

இரட்டைப்படை எண்களெல்லாம் ஒரே வரிசையில் இருக்கும் அந்தத் தெருவில் டெரெக் இருந்தது அடுத்த வீடு, ஆறாம் நம்பர்.

மன்றத்தின் உரிமக் குழு விண்ணப்பங்களை விசாரித்த அன்று பெத்தனிக்கு நடவடிக்கைக் குறிப்பு எழுதும் வேலை. அலுவலர் வாய் திறக்கக் கூடாது, அது நடுநிலை. முதலில் வந்தது அதே நிறுவனம் பீச்வுட் சாலையில், கால்ஃப் மைதானத்துக்கு எதிரே, கேட்டிருந்த கடை. குழுத் தலைவர் கவுன்சிலர் நார்மன் விட்டல் எழுந்தார். "அந்தச் சாலையில என் வீடு இருக்குங்கறதை நேர்மையோட அறிவிக்கிறேன்" என்றார். அறிவித்த திருப்தியில் அதே நாற்காலியில் உட்கார்ந்தார். ஏழு நிமிடத்தில் விண்ணப்பம் தள்ளுபடி. காரணம்: கார் நிறுத்த இடமில்லை. கார் நிறுத்துவது உரிமக் குழுவின் விஷயமே அல்ல என்று கொள்கையின் நாற்பதாம் பக்கம் சொல்கிறது. அன்று குழு கொள்கையைவிடப் பெரியதான மனச்சாட்சியின்படி நடந்தது.

அடுத்தது டானரி தெரு. டெரெக் எழுந்தார்.

"நான் பக்கத்து வீடு. சுவத்துக்கு அந்தப் பக்கம் மெஷின் சத்தம் கேட்டா, நான் உள்ள போயிடுவேன். என்னை எனக்குத் தெரியும்."

"உருக்கமா இருக்கு, மிஸ்டர் ஹெப்பிள்" என்றார் தலைவர். "ஆனா ஆதாரம் வேணுமே. இந்தக் கடையால இதுவரைக்கும் உங்களுக்கு என்ன நஷ்டம்?"

"கடையே இன்னும் திறக்கலையே."

"பாத்தீங்களா? நஷ்டமே இல்லை."

"அப்போ திறந்து, நான் உள்ள போய்த் தோத்துட்டு வரணுமா?"

"ரசீதோட வந்தா இன்னும் நல்லது."

"சரி, எங்க தெருவுலயும் கார் நிறுத்த இடம் கிடையாதே, நார்மன்?"

பெயர் சொல்லி அழைத்ததைத் தலைவர் பெருந்தன்மையுடன் மன்னித்தார். "உங்க தெருவுல எத்தனை கார் இருக்கு?"

"ரெண்டு. ஒண்ணுக்குச் சக்கரம் இல்ல."

"அப்போ நெரிசலே இல்லையே!"

மிஸ் ஃபென்விக் குறுக்கிட்டார். "வரைபடத்தைப் படிச்சிட்டுத்தான் நாங்க பாதுகாப்பும் பண்ணியிருக்கோம். 'விளையாட்டை நிறுத்துவது எப்படி'ன்னு ஒரு துண்டுப் பிரசுரம். வண்ண அச்சு."

"அது எங்க கிடைக்கும்மா?"

"கடைக்குள்ள. மூணாவது மெஷின் பக்கத்துல."

"அப்போ, உள்ள போகாம இருக்கறது எப்படின்னு உள்ள போய்த் தெரிஞ்சுக்கணும்."

"ரொம்பச் சரியாப் புரிஞ்சுக்கிட்டீங்க" என்று தலைவர் மனதாரப் பாராட்டினார். ஏகமனதாக அனுமதி.

வாசலில் மகள் முகத்தைப் பார்த்த டெரெக், "அழறியா கண்ணு?" என்றார்.

"அழல. பத்திக்கிட்டு வருது. நான் வரைஞ்சு குடுத்து, அவங்க வந்து உக்காந்துட்டாங்க. நீ இன்னிக்கே பெட்டியக் கட்டிக்கிட்டு என் வீட்டுக்கு வந்துடுப்பா."

"உன் தெரு என்ன கலரு?"

"இளஞ்சிவப்பு."

"அப்போ அடுத்த வரைபடம் வர்ற வரைக்கும் மூணு வருஷம் தாங்கும்" என்று டெரெக் சிரித்தார். அவளும் சிரித்துத் தொலைத்தாள்.

அன்று மாலை பெத்தனி நடவடிக்கைக் குறிப்பை எழுதி முடித்தாள். அதன் கடைசிப் பத்தி இது: "சூதாட்டத்தால் அழியக்கூடியவர்கள் எந்தத் தெருவில் இருக்கிறார்கள் என்று இக்குழுவுக்குத் தெரியும். தெரிந்தேதான் அங்கே கடை திறக்க அனுமதித்தது. குழுத் தலைவர் வசிக்கும் தெருவில் மறுத்தது."

அடுத்த கூட்டத்தில் குறிப்பு முன்வைக்கப்பட்டது. குழுவினர் இஞ்சி பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தபடி அதை ஒரு வரியும் படிக்காமல் ஏகமனதாக ஏற்றார்கள். "அனைத்தும் உண்மையே" என்று எழுதி, கவுன்சிலர் நார்மன் விட்டல் அழகாகக் கையெழுத்தும் போட்டார்.