மில்லிமீற்றர் கெடுத்த டெங்கு

கொட்டாஞ்சேனையில் மில்லிமீற்றருக்குத் தெரியாமல் ஒரு துளி மழையும் தரையைத் தொட்டதில்லை. எங்கள் சுகாதாரக் கந்தோரில் லிகிதராக இருந்தவர். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. வீட்டு மொட்டை மாடியில் மழைமானியும் வெப்பமானியும் வைத்திருந்தார். காலை வணக்கத்துக்குப் பதிலாக, “நேற்று நாப்பத்திரண்டு மில்லிமீற்றர், சேர்” என்பார். சுகமா என்று கேட்டவர்களுக்குக் காற்றின் ஈரப்பதனைச் சொன்னார்.

நான் ஓய்வுபெறுவதற்கு முந்திய வருடம், பெருமழை விட்ட கையோடு ஒரு கடிதம் கொண்டுவந்தார். இந்த மழைக்கும் இந்தச் சூட்டுக்கும் ஐந்தாவது கிழமை தன் வீடிருக்கும் ஒழுங்கையில் டெங்கு வரும். இப்போதே துப்புரவுக்கு ஆட்களை அனுப்ப வேண்டும். நானோ பிரதம லிகிதர். ஆள் அனுப்பப் படிவம் உண்டு. அதன் முதல் கட்டத்தில் நோயாளியின் பெயர் எழுத வேண்டும்.

“ஒரு நோயாளியின்ர பேரைச் சொல்லும், நாளைக்கே அனுப்புறன்.”

“அந்தப் பேர் வராமல் இருக்கத்தானே சேர் கேக்கிறன்.”

அதற்குப் படிவம் இல்லை.

ஆனாலும் மேலிடம் பெருந்தன்மை காட்டியது. கடிதத்தில் சொன்னது பலித்தால், இனி அவருடைய மழைக் குறிப்பைப் பார்த்தே ஆட்களை அனுப்பலாம் என்று எழுத்தில் தந்தது. வருடக்கணக்காக அவர் கேட்டது அதைத்தான். செய்ய வேண்டியது, அயலவர்களுக்குக் காய்ச்சல் வரும்வரை ஐந்து கிழமை சும்மா இருப்பது. அரசாங்க ஊழியருக்கு இதைவிடப் பழக்கமான வேலை கிடையாது.

மனிதர் அதையும் கெடுத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏணியோடு கிளம்பி, ஒழுங்கையிலுள்ள கூரைப் பீலிகளில் எல்லாம் கையை விட்டு, மழைத்தண்ணீரை மறித்துக் கிடந்த அழுகிய இலைகளை அள்ளினார். அயல்வீட்டு அக்காவின் குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னாலும் புகுந்தார்.

“என்ர பிரிட்ஜுக்குப் பின்னால உமக்கென்ன வேலை, தம்பி?”

“தட்டுத் தண்ணிக்குள்ள ஏழு நுளம்புக் குடம்பி, அக்கா.”

ஐந்தாவது கிழமை அடுத்த பகுதியான கிராண்ட்பாஸில் டெங்கு வந்தது. பக்கத்து ஒழுங்கைக்கும் வந்தது. அவருடைய ஒழுங்கையில் ஒரு தும்மல்கூட இல்லை. கடிதத்தில் இருந்தது அந்த ஒழுங்கை மட்டும்தான்.

“எங்க தம்பி உம்மட டெங்கு? பஸ் பிந்திட்டுதோ?” என்றாராம் அக்கா.

அவர் கந்தோருக்கு வந்து, கடிதத்தின் அடியில் “பலிக்கவில்லை” என்று தானே எழுதி நீட்டினார்.

“சும்மா இருந்திருந்தா வெண்டிருப்பீரே, ஓய்.”

“முன்வீட்டில மூண்டு சின்னப்பிள்ளையள், சேர்.”

விதிப்படி கோப்பை மூடினேன். “எதிர்வுகூறல் தவறு. நோயாளிகள்: எவருமில்லை.” என் சேவைக்காலத்தில் இவ்வளவு விருப்பத்தோடு நான் கையொப்பமிட்ட தோல்வி வேறில்லை.